ஸ்டீபன் (எ) செல்லப்பாண்டி

கால்பந்தில் பதினோரு இடம் உண்டு; பதினோரு இடத்திலும் ஆடத் தெரிந்தவனுக்கு மட்டும் அதில் ஒரு இடம் கிடையாது. ஆபீசிலோ கடையிலோ கல்யாண வீட்டுப் பந்தியிலோ, "அவன் வரலையா? அப்ப நீ நில்லு" என்று பிடித்து நிறுத்தப்பட்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. என் கதையும் உங்கள் கதைதான். உங்கள் முழங்காலில் தழும்பு இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு கிளப்புக்கு ஆடினேன். காலையில் வெங்காயப் பேட்டையில் தரகு, சாயங்காலம் கிரவுண்டு. பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் பேட்டையில்தான். அங்கே இரண்டே பாடம். விலையை முதலில் வாய்விட்டுச் சொல்கிறவன் தோற்றான் என்பது ஒன்று. மூட்டையின் வாயில் நல்ல காயை வை என்பது மற்றொன்று. இந்த இரண்டும் சேர்ந்து என்னை என்ன பாடு படுத்தின என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சர்க்கார் வேலை. மதுரையில் ஒரு துறைக்குக் கால்பந்து அணி இருந்தது. அவர்கள் அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். அதற்கான விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: 'ஆடும் இடம்'. அந்தக் கட்டம் எத்தனை நாள் என் தூக்கத்தில் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

செத்த நேரம்

எங்கள் கிளப் செயலாளர் அருளப்பன் சார். ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் இல்லாத கழுத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் லெஃப்ட் பேக்குக்கு மஞ்சள்காமாலை. "செத்த நேரம் அங்க நில்லு" என்றார். அடுத்த வாரம் ரைட் விங் அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட்டான். "செத்த நேரம் அங்க நில்லு." இப்படிச் செத்த நேரம் செத்த நேரமாக இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நான் ஆசைப்பட்டதோ சென்டர் ஃபார்வர்டு.

பொறுக்க முடியாமல் ஒரு மேட்சுக்கு முன்னால் பேரத்தில் இறங்கினேன். நான் முழு ஆட்டமும் ஃபார்வர்டு என்றேன். அவர் முழு ஆட்டமும் பேக் என்றார். கூட்டிக் கழித்து, முதல் பாதி பேக், இரண்டாம் பாதி ஃபார்வர்டு என்று முடித்துக் கைகுலுக்கினோம். இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. எங்கள் கோல் கீப்பர் இஸ்மாயில் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சார் என்னைப் பார்த்தார். நான் மலைக்கோட்டையைப் பார்த்தேன். "பேசினது பேசினதுதான் சார், மாத்தக் கூடாது" என்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் கிளவுசையும் மாட்டினேன்.

மேட்ச் முடிந்ததும் கிளவுசை அவர் காலடியில் எறிந்துவிட்டு, இனி கிளப் பக்கமே வரமாட்டேன் என்றேன். அவர் அதைக் குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினார். "ஏலே, லாரி கெளம்புறதுக்கு முன்னாடி டிரைவர் தட்டிப் பாக்குறது ஸ்டெப்னியத்தான். ஓடுற டயரை எவன் பாக்குறான்? கோவிச்சுக்காம நாளைக்கு வா அப்பு" என்றார். அன்றிலிருந்து கிரவுண்டில் என் பெயர் ஸ்டெப்னி.

பத்தாம் நம்பர்

அகரத்தில் மல்லிகை போட்டிருந்த தங்கராசு என்பவரின் மகள் வாசுகியை எனக்குப் பேசினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்ததாக என் அக்கா சத்தியம் செய்தாள். மனிதர் மாப்பிள்ளையை நேரில் பார்க்க வேண்டுமென்று, வீட்டுக்கு வராமல், மேட்சுக்கு வந்துவிட்டார். 'பத்தாம் நம்பர் சட்டைதான் மாப்பிள்ளை' என்று யாரோ அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

சட்டை எண்ணெல்லாம் இடம் உள்ளவனுக்கு. எனக்கு அன்றைக்கும் கோல் கீப்பர். என் பத்தாம் நம்பர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டவன் அரை மணி நேரம் கண்டபடி உதைத்துவிட்டு, ஃபவுல் கொடுத்த ரெஃப்ரியை அடிக்கப் பாய்ந்தான். நான் அந்தச் சட்டைக்குள் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்பது வேறு விஷயம். ஆனால் செய்யவில்லை அல்லவா?

ஆட்டம் முடிந்து, வேலி ஓரம் போய்க் கும்பிட்டேன். நான்தான் மாப்பிள்ளை என்று அவரை நம்பவைக்கவே வெகுநேரம் ஆனது. அன்று கீப்பர், போன வாரம் பேக், அதற்கு முன் வாரம் விங் என்று வரிசையாக விளக்கினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. கையில் மடித்து வைத்திருந்த துண்டை உதறித் தோளில் போட்டார். "முதல்ல நீங்க ஒரு எடத்துல நில்லுங்க தம்பி. நெலையா ஒரு சர்க்கார் உத்தியோகம் பாருங்க. ஒரு வருசம் பொறுக்கிறேன், அதுக்கு மேல பொண்ணு வீட்டுக்காரன் பொறுக்க முடியாது" என்றார்.

வேலைக்கான வயது வரம்பும் எனக்கு அதே ஒரு வருஷத்தில்தான் முடிந்தது.

மைக்கில் வந்த பெயர்

வேலைக்கு மனுப் போடச் சான்றிதழ் வேண்டும். எங்கே போட்டி என்றாலும் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு ஊரில் மாதா கோயில் திருவிழாவை ஒட்டிப் பெரிய போட்டி நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தில் நான் பேக்காகத் தொடங்கி, ஹாஃபுக்கு ஏறி, கடைசியில் ஃபார்வர்டாக நின்று கோலும் போட்டேன். அப்படி ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

கூட்டாளிகள் "ஸ்டெப்னி, இங்க! ஸ்டெப்னி, அங்க!" என்று கத்தியது மைக்கில் வர்ணித்த விழாக் கமிட்டிக்காரர் பாக்கியநாதன் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. "பந்து இப்போது தம்பி ஸ்டீபன் காலில். புனிதரின் பெயரைத் தாங்கிய ஸ்டீபன் வருகிறார்..." என்று அவர் முழங்க முழங்க ஊரே என் பக்கம் சேர்ந்துவிட்டது. யாரையோ சொல்கிறார் என்று ஆடிக்கொண்டிருந்தேன். 'சிறந்த ஆட்டக்காரர் ஸ்டீபன்' என்று மேடையில் கூப்பிட்டபோதும் நான் நகரவில்லை. இஸ்மாயில்தான் முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

கையில் வாங்கிய சான்றிதழைப் பார்த்தேன். தங்கக் கரை போட்டு, முத்து முத்தான எழுத்தில், ஸ்டீபன். ரத்தம் தலைக்கேறிப் பாக்கியநாதனிடம் பாய்ந்தேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "கோவப்படாதீங்க தம்பி. செல்லப்பாண்டின்னு நான் சொல்லிருந்தா உங்களுக்கு இம்புட்டுக் கைதட்டு விழுந்திருக்குமா?" என்றார்.

அடைப்புக்குறி

மறுநாள் அதே ஊருக்குப் பஸ் ஏறினேன். வேறு எந்தச் சான்றிதழிலும் 'பங்கேற்றார்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இதில்தான் 'சிறந்த ஆட்டக்காரர்' என்று இருந்தது. இதை விட்டால் எனக்கு வேறு சரக்கு இல்லை.

பாக்கியநாதன் அவருடைய சவுண்டு சர்வீஸ் கடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றேன். கணக்காகத்தான் அச்சடித்தோம், வேறு தாள் இல்லை என்றார். பெயரை அடித்துவிட்டு எழுதுங்கள் என்றேன். கையெழுத்துப் போட்ட ஃபாதர் வெளியூர் போய்விட்டார், அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயம் பேசுகிறவனோடு பேரம் பேசுவது கஷ்டம். இரண்டு டீ குடித்தோம். கடைசியில் பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். அவர் அதே மசியில், அதே அழகான கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு 'எ' போட்டு, பக்கத்தில் செல்லப்பாண்டி என்று எழுதிக் கோயில் முத்திரையும் வைத்தார்.

ஜெயித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் விளக்குக்கு நேராகப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பேப்பர்ல சங்கிலி அறுத்தவன் பேரை இப்பிடித்தான்டா போடுவாங்க" என்றாள்.

வாங்கவா, விற்கவா

தேர்வுக்கு மதுரை போன அன்று காலையில் இட்லி இறங்கவில்லை. ஒரு கோப்பில் சான்றிதழ்களை அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். அடுக்கியது பேட்டைக்காரன் புத்தி. தங்கக் கரை போட்டதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். மூட்டையின் வாயில் நல்ல காய். மேஜையில் இருந்த குமாஸ்தா கோப்பைத் திறந்து, முதல் தாளைப் பார்த்து, பட்டியலில் ஏதோ எழுதிக்கொண்டு மூடிவிட்டார். அவர் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க அடுத்த மேஜை மேல்.

அங்கே இருந்தவர் அணி மேலாளர். பழனிப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. கோல் கீப்பர் என்று எழுதினால் அவர்களிடம் கீப்பர் இருந்தால் போச்சு. பேக் என்று எழுதி அவர்களுக்கு ஃபார்வர்டு தேவைப்பட்டால் அதுவும் போச்சு. "என்ன பொசிஷனுங்க?" என்று கேட்டார். பேட்டையில் பழகிய வாய், யோசிப்பதற்குள் முந்திக்கொண்டது: "உங்களுக்கு எங்க ஆள் வேணும் சார்?"

கூடியிருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கட்டத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். "ஏனுங்க தம்பி, நீங்க வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?" என்றார்.

பெருமாள் அண்ணன்

அன்றைக்கு என்னை நாற்பது நிமிஷத்தில் நாலு இடத்தில் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். எதிலும் சோடை போகவில்லை. ஆனால் அந்தக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. முடிவு தபாலில் வரும் என்றார்கள். உங்களில் தபாலுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சைக்கிள் மணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டு வருகிற பெருமாள் அண்ணனின் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் அன்றைய பொழுது செத்துவிடும். வாசுகியின் அப்பா சொன்ன கெடுவில் ஒரு மாதம்தான் பாக்கி. வாசுகிக்கு வேறு வரன் ஒன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருப்பதாக என் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் தேர்வில் என்னோடு ஆடிய ஒரு பையனைப் பேட்டையில் பார்த்தேன். அப்பாவோடு வெங்காயம் ஏற்றி வந்திருந்தான். தனக்கு உத்தரவு வந்துவிட்டதென்றும், வரும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் ரத்து என்றும் சொன்னான். "உங்களுக்கு வரலீங்களாண்ணா? லிஸ்ட்ல நம்மூரு ஆளு இன்னொருத்தரு இருக்காருன்னாங்களே" என்றான். அன்று வெள்ளிக்கிழமை.

தராசை அப்படியே போட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்கு ஓடினேன். பெருமாள் அண்ணன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். என் தபாலை எங்கே போட்டீர்கள் என்று ஊர் கேட்கக் கத்தினேன். நாலு பேர் வந்து என் கையைப் பிடிக்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டு முடித்து நிதானமாகச் சொன்னார்: "செல்லப்பாண்டிக்கு ஒண்ணும் வரலப்பா. வந்தா குடுக்காம, நான் என்ன சோத்துக்கு வெஞ்சனமாவா வச்சுத் திங்கப் போறேன்? மதுரையிலருந்து வந்தது ஒண்ணே ஒண்ணு, உங்க தெரு பேரு போட்டு. அதுவும் ஸ்டீபனுக்கு."

அளவுச் சீட்டு

எங்கள் தெருவில் ஸ்டீபன் கிடையாது. அடுத்த தெருவில் தையல்கடை ஸ்டீபன் உண்டு. முப்பது வருஷமாக அந்தப் பகுதியில் தபால் கொடுக்கிற பெருமாள் அண்ணன், யாரோ தெருப் பெயரைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்று தானே திருத்தி, பொறுப்பாக அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கதவு எண்ணும் எங்கள் வீட்டு எண்தானே என்று கேட்டேன். எண்ணை யார் பார்த்தார்கள் என்றார்.

ஓடினேன். தையல்கடை பூட்டிக் கிடந்தது. சின்னாளபட்டியில் ஒரு கல்யாணம், நாளைக்குத்தான் வருவார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். பலகைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே சுவரில் ஒரு கம்பி தொங்கியது. அதில் அளவுச் சீட்டுகளாகக் குத்தி வைத்திருந்தார். அந்தக் கத்தைக்குள் காக்கி நிறத்தில் ஒரு ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதுதானா, வெறும் காகிதமா? கதவை உடைத்துவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. சான்றிதழில் ஏற்கனவே அடைப்புக்குறி இருக்கிறது, போலீஸ் கேஸும் சேர்ந்தால் பொருத்தமாகிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். அறுபதைத் தாண்டியவர், சாந்தமான மனிதர். யாருக்கோ எடுத்த இடுப்பளவு, கழுத்தளவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, அடியிலிருந்து அந்த உறையை உருவினார். நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே என் உத்தரவு. 'திரு. ஸ்டீபன்' என்று தொடங்கி, என் அப்பா பெயர், என் பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "சர்க்கார் என்னைப் பந்தடிக்கக் கூப்புடுதுன்னு வீட்டுக்காரிகிட்டக் காமிச்சேன் தம்பி. ஒரு வாரமா எனக்குச் சோறு போடுறப்பல்லாம் சிரிக்கிறா."

கோடு

திங்கட்கிழமை காலை மதுரையில் கோர்ட் வாசலில் ஒரு டைப்பிஸ்டைப் பிடித்து, 'ஸ்டீபன் என்பவரும் செல்லப்பாண்டி என்பவரும் ஒரே நபரே' என்று பிரமாண வாக்குமூலம் அடித்து, வக்கீலிடம் முத்திரை வாங்கி, மத்தியானத்துக்குள் அந்த அலுவலகத்தில் போய் நின்றேன். குமாஸ்தா ஓட்டை விழுந்த உத்தரவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தாளில் இருந்த முதல் பெயரைத்தான் எழுதினேன், மற்றதை விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்பினேன், அது என் தப்பா என்றார். அவர் தப்பில்லை. மூட்டையின் வாயில் அதை வைத்தவன் நான்.

பிரச்சினை மேலாளரிடம் போனது. அவர் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கட்டத்தில் கோடு கிழித்தும் என்னை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். "கீப்பரு, பேக்கு, ஃபார்வர்டுன்னு எழுதினவங்களை எல்லாம் அங்கங்கே போட்டாச்சுங்க. கடைசியா ஒரு எடம் மிஞ்சுச்சு, அது என்ன எடம்னு எங்களுக்கே தெரியலைங்க. கட்டத்துல கோடு இருந்த ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றார்.

மாமா பார்க்க வந்தார்

வாசுகியின் அப்பா தன் வார்த்தையைக் காப்பாற்றினார். ஒட்டன்சத்திரத்து வரனைத் திருப்பி அனுப்பினார். கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை நானே மூன்று தடவை சரிபார்த்தேன். ஆறேழு வருஷம் அணிக்கு ஆடினேன், எங்கே என்று கேட்காதீர்கள். இரண்டாயிரத்துக்கு அப்புறம் செலவைக் குறைக்க அணியைக் கலைத்தார்கள். எங்களை எல்லாம் ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பிரிவு என்று உத்தரவு வந்தது. என் உத்தரவில் பிரிவு என்ற இடத்தில் ஒரு கோடு இருந்தது. சூப்பிரண்டெண்டிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஃபைலிலிருந்து தலை தூக்காமலே, டெஸ்பாட்ச் பார்க்கிற அம்மா பிரசவ லீவு, செத்த நேரம் அங்கே உட்காருங்கள் என்றார்.

ஒரு நாள் ஏதோ வேலையாக மதுரை வந்த மாமா, மருமகன் உட்காருகிற சீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பூவும் கையுமாக ஆபீசுக்கு வந்துவிட்டார். நான் அப்போது மாடியில் கேஷ் கவுண்டரில் இருந்தேன். கேஷியருக்குக் காய்ச்சல். கீழே வாசலில் மாமாவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. செல்லப்பாண்டி சீட்டு எங்கே இருக்கிறது என்று பியூனிடம் கேட்டார். ஒரு இடத்தில் நில்லுங்கள் தம்பி என்று வேலி ஓரத்தில் துண்டை உதறிய அதே மனிதர். நான் கம்பிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பியூன் சாவகாசமாக வருகைப் பதிவேட்டை எடுத்து மேஜையில் போடுகிற சத்தம் கேட்டது. "செத்த நேரம் உக்காருங்கய்யா, இன்னைக்கு யாரு லீவுன்னு பாத்துச் சொல்றேன்" என்றான்.

செத்த நேரம் செத்த நேரமாக நின்றே ஒரு கல்யாணத்தையும் பாதி சர்வீசையும் முடித்துவிடலாம் என்பதுதான், பேட்டையில் சொல்லித் தராத மூன்றாவது பாடமாகக் கால்பந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது.